பதினொரு பேருக்கு

மழை பெய்தால் வெட்டு இல்லை.
மழைநாள் எனக்குப் பலகைநாள்.

பால்வெட்டில் கத்தி தடியைத் தொடக்கூடாது.
தொட்டால் அந்த இடத்தில் மரம் முடிச்சுப் போடும்.
சூப்பர்வைசர் என் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைப்பார்.
பட்டைக்குள் ஒரு தாள் கனம் மிச்சம் விட்டுத்
தானாகத் திரும்பும் கை,
பதினாறு வருடப் பழக்கம்.
பலகையிலோ தடியைத் தவிர ஒன்றுமே இல்லை.
முதல் மாதம் உளியை அழுத்தவே பயந்தேன்.

அருமனை அறுப்பு மில்லில்
வளைந்துவிட்டதென்று ஒதுக்கிய அயனிப் பலகை,
நாற்பது ரூபாய்.
அதில் வெட்டியது விடியற்காலை மூன்று மணி:
நெற்றி விளக்கோடு ஒருத்தி, ஒரு மரம், ஒரு சிரட்டை.
இருட்டை நான் செய்யவில்லை.
அது பலகையிலேயே இருந்தது.
விளக்கு விழுந்த இடங்களை மட்டும்
தோண்டி எடுத்தேன்.

அச்சு மிஷின் கிடையாது.
ரப்பர் ஷீட் அடிக்கிற உருளை உண்டு,
வரி விழாத மொட்டை உருளை.
புளித்த பால் வாடை போகக் கழுவி,
தாளுக்கு மேல் பழைய கம்பளி விரித்து
மெல்லப் பிடியைச் சுற்றினேன்.
ஒன்று. இரண்டு. நல்ல கறுப்பு.
ஷீட் காயும் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன்.
மூன்று. நாலு.
ஐந்தில், சுள்ளி ஒடிந்த மாதிரி ஒரு சத்தம்.

விளக்கிலிருந்து ஓரம் வரை
தலைமுடி அளவில் வெள்ளைக் கோடு.
ஏழில் அது நூல்.
ஒன்பதில் சணல்.
பதினொன்றில்
அவள் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம்.

வேறு பலகை வெட்ட நாளில்லை.
பதினொரு பேர், ஆளுக்குப் பதினொரு படி,
ஒரே அளவு, ஐப்பசி முதல் ஞாயிறு,
தக்கலையில் டயர் கடை மாடி.
பிரைட்சிங் எழுதி ஒட்டிய விதி.
பென்சிலால் எண் போட்டு
லுங்கித் துணியில் பொதிந்து
பஸ் ஏறினேன்.
மன்னிக்கணும் என்று சொல்ல
ஒரு வாக்கியம் யோசித்துக்கொண்டே போனேன்.
அழகியமண்டபம் வரை அது முடியவில்லை.

ரசலையன் கோழிகள் வெட்டியிருந்தார்,
ஒவ்வொரு தாளிலும் ஒன்று குறையும்படி.
கொடிமுனை டெல்பினுடையது வெறும் வலைக்கண்,
மீனே இல்லை.
செய்யதலி பாத்திமா மை காயாமல் கொண்டுவந்து
எல்லார் விரலிலும் நீலம்.

என் பொதியை அவிழ்த்ததும் பேச்சு நின்றது.
யாரோ வரிசையாகத் தரையில் பரப்பினார்கள்,
ஒன்றிலிருந்து பதினொன்று வரை.
கோடு நடந்து வந்தது.
டெல்பின் குனிந்து
"எனக்குக் கடைசி" என்றாள்.
ரசலையனுக்கும் கடைசிதான் வேண்டும்.
முதல் எண் விழுந்த பாத்திமா
முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்:
"எனக்கு மட்டும் கீறலே இல்லையே?"
சீட்டுக் குலுக்கினோம். டீ ஆறிப்போனது.
என் வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை.

வீட்டுச் சுவரில் மற்றவர்களுடையதோடு
என்னுடையதும் ஒன்று, ஆறாம் எண்.

மழை விட்டு வெட்டுக்குப் போகும் முதல் நாள்
என்னை அழைக்க வந்த சரோஜம்,
அடுத்த வரிசை மரங்கள் அவளுக்கு,
நெற்றி விளக்கைச் சுவரில் அடித்துப் பார்த்தாள்.
கீறலைப் பார்க்கவில்லை.
"இதென்ன பிள்ளே, வெட்டு மறிஞ்சு கெடக்கு?
எடங்கையனா வெட்டுனான்?"

இடமிருந்து வலம் சரிவதுதான் வெட்டு.
பலகையில் கண்டபடியே செதுக்கிவிட்டேன்,
தாளில் அது வலமிருந்து இடம் சரிந்துவிட்டது.
பதினொரு பேர், முப்பது உளி,
ஒருவர் கண்ணிலும் படவில்லை.
நானும் சொல்லவில்லை.

எண் போடாத பன்னிரண்டாவது ஒன்று
பாய்க்கடியில் இருந்தது, பலகை முழுக்கப் பிளந்தபின்
இரண்டு துண்டையும் சேர்த்துவைத்து எடுத்தது.
அதை அவளிடம் நீட்டினேன்.
திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம்,
விளக்குக்கு நேரே பிடித்து.

"இப்பம் சரியா இருக்கு" என்றாள்.